கம்பெனி சர்வீஸில் சொல்லும் வேலைகளில் எது தேவை, எது வேண்டாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியை சர்வீஸுக்கு விட்ட அன்று காலை பதினொரு மணிவாக்கில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவரும் எனக்கு போன் செய்வார்கள். "ஷோரூம்ல இருந்து கூப்பிட்டாங்க. டீகார்பனைசிங் பண்ணணுமாம், அதாவது எஞ்சினுக்குள்ள படிஞ்ச கரியை எடுக்கணுமாம், மூவாயிரத்துச் சொச்சம் ஆகுமாம். சரின்னு சொல்லிடவா?" அவர்கள் ஆபீஸில் இருப்பார்கள். அந்தப் பக்கம், வண்டியை வாங்கி வேலையைக் குறித்துக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் பதிலுக்குக் காத்திருப்பார். யோசிக்க இரண்டு நிமிடம்கூட இருக்காது. அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பொதுவானது. கடைசியில் மின்சாரக் கார் பற்றியும் கொஞ்சம் உண்டு.

எது தேவை, எது தேவையில்லை என்று எதை வைத்து முடிவு செய்வது?

கிளவ் பாக்ஸில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலை வைத்துத்தான். அதன் பின்பகுதியில் ஒரு அட்டவணை இருக்கும். மேலே கிலோமீட்டரும் மாதமும், இடப்பக்கம் பாகங்களின் பெயர், கட்டங்களுக்குள் ஒவ்வொரு எழுத்து. ஒரு எழுத்துக்கு 'மாற்று' என்று பொருள், இன்னொன்றுக்குப் 'பரிசோதி' என்று பொருள். எந்த எழுத்து எதற்கு என்று அட்டவணைக்குக் கீழேயே போட்டிருப்பார்கள். வண்டியை வடிவமைத்தவர்கள் எழுதியது அது. சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் 'பேக்கேஜ்' அச்சிட்ட தாள் டீலர் தயாரித்தது. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது.

சொல்லப்படும் எந்த வேலையையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துவிடலாம். கையேடு கேட்பது முதல் வகை: ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், ஸ்பார்க் பிளக். தேய்ந்து போவது இரண்டாவது வகை: பிரேக் பேடு, டயர், வைப்பர், பேட்டரி. இவற்றுக்குத் தேதி கிடையாது, அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்த இரண்டிலும் வராதது எல்லாம் மூன்றாவது வகை, அதாவது விற்பனைக்கு வைத்திருப்பது. மூன்றாவதில் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு 'வேண்டாம்' என்று சொன்னால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

கையேடு தொலைந்து போயிருந்தால் கவலை இல்லை. பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் மாடலும் வருடமும் போட்டு இறக்கிக்கொள்ளலாம். அந்த அட்டவணைப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

"புத்தகத்துல போட்டிருக்கிறது வெளிநாட்டுக் கணக்கு சார், நம்ம ஊர் ரோட்டுக்கும் வெயிலுக்கும் சீக்கிரமே மாத்தணும்" என்கிறார்களே?

இதில் பாதி உண்மை இருக்கிறது. புழுதி, நெரிசலில் நின்று நின்று போவது, குறைந்த தூரம் மட்டும் ஓட்டுவது, கடும் வெயில் எல்லாம் வண்டிக்குக் கடினமான பயன்பாடுதான். ஆனால் பெரும்பாலான கையேடுகள் அதையும் விட்டுவைக்கவில்லை. 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக இன்னொரு அட்டவணையோ அடிக்குறிப்போ இருக்கும். சென்னையில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய்வருகிறவர் அதைத்தான் பார்க்க வேண்டும். அதில் ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் மாற்று, ஆயிலைச் சீக்கிரம் மாற்று என்று இருக்கும். பெயின்ட் பளபளக்க டெஃப்லான் பூச்சு போடு என்று இருக்காது.

இன்னொன்று, இந்தியாவில் விற்கும் வண்டியோடு வரும் கையேடு இந்தியாவுக்கு என்று அச்சிட்டதுதான்.

வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அப்போதும் ஆயில் மாற்ற வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். பல பெட்ரோல் கார்களில் '10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது' என்று இருக்கும். சில மாடல்களில் 15,000 வரை போகும். கோவிலுக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து அப்படியே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடும் வண்டியில் அது ஆவியாகிப் போய்விடும். அதனால் குறைவாக ஓடும் வண்டியின் ஆயில்தான் காலத்தால் கெடும்.

ஆனால் எந்த கிரேடு என்பதைக் கவனியுங்கள். கையேட்டில் 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ இருக்கும். அதற்கு மேல் 'பிரீமியம் ஆயில் போட்டா மைலேஜ் வரும்' என்று சொன்னால் வாங்க வேண்டியதில்லை. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்குச் சுமார் மூன்றிலிருந்து மூன்றரை லிட்டர்தான் பிடிக்கும். பில்லில் நாலரை லிட்டர் என்று இருந்தால் கேளுங்கள். பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் வண்டி என்றால் கிரேடு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டருக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஒத்துவரும்.

பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது, பிரேக் ஆயிலை எதற்கு மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிறையப் பேசுவேன். காரணம் இருக்கிறது.

என் மாமனார் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏழு வருட ஹேட்ச்பேக். ஒரு சர்வீஸும் தவறவிட்டதில்லை, பில்களை எல்லாம் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைத்திருப்பார். ஒரு மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டுச் சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியில் ஐந்து பேர், பின்னால் மூட்டை முடிச்சு. பாதி மலை இறங்கியிருப்போம், "பெடல் அமுங்குதுப்பா" என்றார். குரல் மாறியிருந்தது. கால் வைத்தால் பஞ்சில் வைத்த மாதிரி உள்ளே போகிறது, வண்டி மெதுவாகத்தான் நிற்கிறது. முதல் கியருக்கு இறக்கி, கை பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஒரு வளைவின் உள்பக்கம் ஒதுக்கி நிறுத்தினோம். முக்கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகு பெடல் பழையபடி திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

என்ன நடந்தது என்பது எளிது. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. டாட் 4 வகையில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவரையறை. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அது 155 டிகிரி. டாட் 3 வகைக்கு இன்னும் குறைவு, 205-ம் 140-ம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது பேடின் சூடு ஆயிலுக்குப் போகிறது. ஈரம் ஏறிய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி வருகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது. ஊருக்குள் ஓட்டும்வரை இது தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைலைப் புரட்டினேன். இன்டீரியர் கிளீனிங் ஐந்து முறை, டெஃப்லான் கோட்டிங் மூன்று முறை, ஏசி கிருமிநாசினி நான்கு முறை. பிரேக் ஆயில் ஏழு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. கையேட்டில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்று என்று தெளிவாக இருக்கிறது. மாற்றியபோது வெளியே வந்தது காபி டிகாஷன் நிறம். புதியது எண்ணெய் மாதிரி இளமஞ்சளாக இருக்கும். நான்கு சக்கரத்திலும் பழையது வெளியேறி இளமஞ்சள் வரும்வரை அந்த மெக்கானிக் பொறுமையாகச் செய்தார். அந்த வேலைக்கு ஆன செலவு ஒரு டெஃப்லான் கோட்டிங்குக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

தேவையில்லாததற்குப் பணம் போவது எனக்கு அவ்வளவு பெரிய வருத்தம் இல்லை. அந்தச் சந்தடியில் தேவையானது விட்டுப்போகிறதே, அதுதான் பயம்.

கூலன்ட்?

கையேடு சொல்லும் காலத்தில் மாற்றுங்கள். அதுவரை அளவு மட்டும் பாருங்கள். குறைந்திருந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம் ஊர் உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்குள் படிந்து அடைக்கும், துருப்பிடிக்க வைக்கும். அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

எஞ்சின் டீகார்பனைசிங், எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் (எரிபொருளைத் தெளிக்கும் பாகம்) கிளீனிங் மூன்றையும் சேர்த்துச் செய்தால் தள்ளுபடி என்கிறார்கள். செய்யலாமா?

பத்தாயிரம், இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு மூன்றுமே வேண்டாம்.

ஃபிளஷ் என்பது பழைய ஆயிலோடு ஒரு ரசாயனத்தைக் கலந்து ஓடவிட்டு வடிப்பது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினில் கழுவி எடுக்க ஒன்றும் இருக்காது. பல வருடம் மாற்றாமல் விட்ட எஞ்சினிலோ, உள்ளே படிந்த கசடு ஒரேயடியாகப் பெயர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கும் ஆபத்து உண்டு. அதாவது தேவைப்படாத வண்டியில் பயன் இல்லை, தேவைப்படும் வண்டியில் ஆபத்து.

டீகார்பனைசிங்கில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் பெட்ரோல் எங்கே தெளிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. மாருதியின் 1.2 கே-சீரிஸ் போன்ற சாதாரண எம்பிஐ எஞ்சின்களில் வால்வுக்கு முன்னாலேயே பெட்ரோல் தெளிக்கப்படுவதால் வால்வை அதுவே கழுவிக்கொண்டே இருக்கும். ஹூண்டாய், கியாவின் டர்போ ஜிடிஐ, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவின் டிஎஸ்ஐ போன்றவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வின் பின்புறத்தில் கரி படியும். ஆனால் அதற்கும் அறிகுறி வர வேண்டும்: ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது நடுக்கம், இழுவை குறைவது, மைலேஜ் இறங்குவது. ஒரு குறையும் இல்லாமல் ஓடும் வண்டிக்கு 'வருமுன் காப்போம்' என்று செய்வதில் அர்த்தம் இல்லை. அப்படி அறிகுறி வந்தாலும் முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.

ஏசிக்கு வருடாவருடம் கேஸ் ஏற்ற வேண்டுமா? அந்தக் கிருமிநாசினி ஸ்ப்ரே?

கேஸ் செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. பல வருடத்தில் ரப்பர் இணைப்புகள் வழியே கொஞ்சம் கசியலாம், அவ்வளவுதான். வருடாவருடம் குறைந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது அடுத்த வருடமும் வரவழைக்கிற வேலை.

ஏசியில் நாற்றம் வந்தால் ஸ்ப்ரேக்கு முன்னால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல சிறிய கார்களில் நீங்களே பார்க்கலாம், பத்து நிமிட வேலை. கிளவ் பாக்ஸில் உள்ளதை எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் கையால் உள்நோக்கி அழுத்தினால் அது முழுவதுமாகக் கீழே தொங்கும். பின்னால் ஒரு நீளமான பிளாஸ்டிக் மூடி. அதன் கிளிப்பை அழுத்தி இழுத்தால் மடிப்பு மடிப்பாக ஒரு தட்டு வரும். புதிதில் வெள்ளையாக இருப்பது. என் வண்டியில் முதல்முறை எடுத்தபோது வேப்பிலைச் சருகும், முடியும், ஒரு குளவிக்கூட்டின் துண்டும் இருந்தன. அதைத்தான் அதுவரை வீட்டில் எல்லோரும் மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம். புதியதைப் போடும்போது பழையதில் அம்புக்குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து அப்படியே போடுங்கள். சில அடிப்படை மாடல்களில் இந்த ஃபில்டரே வைத்திருக்க மாட்டார்கள், அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டர் மாற்றியும் நாற்றம் போகவில்லை என்றால் கூலிங் காயிலைச் சுத்தம் செய்யலாம், அப்போது அந்தக் காசு தகும்.

வீல் அலைன்மென்ட், பேலன்சிங் ஒவ்வொரு சர்வீஸிலும் போடுகிறார்களே?

ஸ்டியரிங்கை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, டயர் உள்ஓரமோ வெளிஓரமோ மட்டும் தேய்கிறதா, பெரிய பள்ளத்தில் இறங்கினீர்களா, டயர் மாற்றினீர்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் செய்யுங்கள். நம் ஊர் வேகத்தடைகளையும் மழைக்காலப் பள்ளங்களையும் நினைத்தால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவைப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். பேலன்சிங் என்பது எண்பதுக்கு மேல் போகும்போது ஸ்டியரிங் அதிர்ந்தால் செய்ய வேண்டியது.

செய்தால் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் உள்ள பிரிண்ட் அவுட் கேட்டு வாங்குங்கள். 'முன்' படத்திலேயே எல்லாம் பச்சையாக இருந்தால் வேலையே இருந்திருக்காது. பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கர டோ கோணத்தை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருப்பி அமைக்க முடியும். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) சரிசெய்தோம் என்று தனியாகப் போட்டிருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

நைட்ரஜன் காற்றுக்குத் தனியாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை காற்று அளவு பார்ப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான், இன்டீரியர் கிளீனிங், எலி ஸ்ப்ரே?

டெஃப்லானும் இன்டீரியர் கிளீனிங்கும் அழகுக்கு. ஆசைப்பட்டால் செய்யுங்கள், பராமரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். எலி ஸ்ப்ரேயின் வாசனை கொஞ்ச நாளில் போய்விடும். எலித் தொல்லை இருக்கும் பார்க்கிங் என்றால் ஏர் இன்டேக் வாயில் கம்பி வலை அடிப்பது நிலைத்து நிற்கும்.

அண்டர்பாடி கோட்டிங் மட்டும் ஊரைப் பொறுத்தது. இப்போதைய கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே துருத்தடுப்புப் பூச்சு உண்டு. மதுரையிலோ கோவையிலோ ஓடும் வண்டிக்கு மேல்பூச்சு அவசியம் இல்லை. தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில் கடலை ஒட்டிய தெருக்கள் என்றால் யோசிக்கலாம். ஆனால் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு அடிக்க வேண்டும், தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கக் கூடாது. ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும்.

"பேடு போயிடுச்சு, பேட்டரி வீக், டயர் மாத்தியே ஆகணும்" என்றால் நம்புவதா?

எண் கேளுங்கள். பேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்? புதிது பொதுவாகப் பத்து, பன்னிரண்டு இருக்கும். இரண்டு, மூன்றுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ஐந்து இருந்தால் அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். சக்கரத்தைக் கழற்றிய நிலையில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள்.

பேட்டரி சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு 12.6 வோல்ட் அருகில் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. தாக்குப்பிடிக்குமா என்பதற்கு லோடு டெஸ்ட் (பேட்டரியை வேலை வாங்கிப் பார்க்கும் சோதனை) செய்த சீட்டு வேண்டும். டயரின் பள்ளத்துக்குள் சிறு மேடு இருக்கும். தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் 1.6 மி.மீ.தான் மிச்சம், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. வயது தெரிய பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

செலவு அதிகமானாலும் தள்ளிப்போடக் கூடாதது எது?

டைமிங் பெல்ட். வால்வையும் பிஸ்டனையும் மோதாமல் ஒத்து இயங்க வைப்பது அது. மாருதியின் கே-சீரிஸிலும், ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 எஞ்சினிலும் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி இருக்கிறது, அதற்குக் காலக்கெடு இல்லை. டஸ்டரில் வந்த 1.5 டீசல் போன்றவற்றில் ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே இறக்க வேண்டி வரும். பழைய கார் வாங்கியவர்கள், பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் பாக்ஸ் ஆயில், குறிப்பாக கியர் படிகள் இல்லாத சிவிடி வகையில். டீசல் வண்டியில் டீசல் ஃபில்டர். இவை மூன்றையும் அட்வைசரே சொல்லாமல் விட்டாலும் நீங்கள் கேட்டுச் செய்யுங்கள்.

கூடுதல் வேலைகளை வேண்டாம் என்றால் வாரண்டி போய்விடுமா?

போகாது. வாரண்டிப் புத்தகம் கேட்பது அட்டவணைப்படியான சர்வீஸைத்தான். அதைத் தவறவிட்டால்தான் சிக்கல்.

வெளி மெக்கானிக்கிடம் விடலாமா என்பது வேறு கேள்வி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக ஓர் உத்தரவு போட்டது. உதிரி பாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். வெளியில் ரிப்பேர் செய்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அதில் இருந்தது. பிறகு வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. நடைமுறையில் உங்கள் கையில் இருக்கும் வாரண்டிப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை கம்பெனி சர்வீஸிலேயே, அட்டவணையில் உள்ளதை மட்டும் செய்துகொள்வது என் வழக்கம். முடிந்த பிறகு நல்ல வெளி மெக்கானிக்.

இலவச சர்வீஸ் என்பதில் இலவசம் லேபர் மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு, அதற்குக் கோபப்பட வேண்டாம்.

அட்வைசர் முகத்தைப் பார்த்து 'வேண்டாம்' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்வது?

அவருக்கும் மேலிருந்து இலக்கு வைத்திருப்பார்கள், அவரோடு சண்டை வேண்டாம். வண்டியை விடும்போதே, "தம்பி, மேனுவல்ல இந்த கிலோமீட்டருக்கு என்ன போட்டிருக்கோ அதை மட்டும் பண்ணுங்க. வேற ஏதாவது தேய்ஞ்சிருந்தா போட்டோ அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் போதாது. ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைப் பட்டியலில், 'என் அனுமதி இல்லாமல் கூடுதல் வேலை கூடாது, கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்' என்று உங்கள் கையாலேயே எழுதி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். போன வருடம் என் வண்டிக்கு முதலில் கொடுத்த எஸ்டிமேட் 11,600 ரூபாய். அட்டவணையின் போட்டோவைக் காட்டி ஒவ்வொரு வரியாகப் பார்த்ததும் 6,900 ஆனது. அந்தப் பையன் முகம் சுளிக்காமல்தான் அந்த வரிகளை அடித்துக்கொடுத்தார்.

போனில் கேட்டால், "இது தேய்மானமா, அட்டவணையா?" என்ற ஒரு கேள்வி போதும். இரண்டும் இல்லை என்றால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

சொல்லாத வேலையை பில்லில் போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பணம் கட்டுவதற்கு முன்பு ஜாப் கார்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இல்லாத வரியை நீக்கச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்துக்கு பில் நகலோடு மின்னஞ்சல். அதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் அந்த ஜாப் கார்டு நகல்தான் ஆதாரம், அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

மின்சாரக் காருக்கு இதெல்லாம் இல்லைதானே?

எஞ்சின் ஆயில், பிளக், பெட்ரோல் ஃபில்டர் இல்லை. பிரேக் ஆயில் உண்டு, கேபின் ஃபில்டர் உண்டு, பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட் உண்டு. பிரேக் பேடு மெதுவாகத் தேயும், டயர் வேகமாகத் தேயும், வண்டி எடை அதிகம் என்பதால். இதற்கும் கிளவ் பாக்ஸில் ஒரு கையேடு இருக்கிறது, உறையைப் பிரித்து பிரேக் ஆயில் எத்தனை வருடம் என்று முதலில் பாருங்கள்.